படிக்க மட்டும்

கணினியில் எழுதி வைத்த குறிப்பேடு ஒன்றை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ள முனையும்போது அது நம்மிடம் ஒரு கேள்வி கேட்கின்றது. இவர் இதைத் திருத்தலாமா, அல்லது படிக்க மட்டும் செய்யலாமா? நம்மில் பெரும்பாலோர் இந்தக் கேள்வியை நின்று படிப்பதே இல்லை. 'திருத்தலாம்' என்பது பல வேளைகளில் முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டு நிற்கும். அப்படியே இணைப்பை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவோம். மறுநாள் காலைக்குள் இடுபணியை அனுப்ப வேண்டியவருக்கு உரிமைகளைப் பற்றிச் சிந்திக்க நேரம் ஏது?

விரிவுரைக் குறிப்புகளைப் பொறுத்தவரை இதனால் பெரிய கேடு ஒன்றுமில்லை. ஒருவர் விட்டதை இன்னொருவர் நிரப்புவார். ஒருவர் தவறாக எழுதியதை மற்றவர் திருத்துவார். எத்தனை கைகள் படுகின்றனவோ அத்தனைக்குக் குறிப்பு வளம் பெறும். ஆனால், எல்லா எழுத்தும் அந்த வகையைச் சேர்ந்தது அன்று. நம் கழகத்தின் தோட்டக் குறிப்பேடு எனக்கு அதைத்தான் கற்றுத் தந்தது.

அந்தக் குறிப்பேட்டை அறியாத இளையோருக்காக ஒரு சிறு விளக்கம். விடுமுறைக்கு ஊர் திரும்பும் உறுப்பினர்கள் தங்கள் தாத்தா பாட்டியரிடமும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடமும் பேசி, ரப்பர்த் தோட்ட வாழ்க்கையைப் பற்றி அவர்கள் சொன்னவற்றைச் சொன்னபடியே தட்டச்சு செய்து ஒன்நோட் மென்பொருளில் சேர்த்து வந்தார்கள். நான் செயலாளர் பொறுப்பை ஏற்றபோது அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள் இருந்தன. ஒவ்வொரு பக்கமும் ஒரு மனிதரின் பேச்சு. நம் தோட்டங்களில் பல செம்பனைக்கு மாறிவிட்டன; சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இருந்த இடத்தை இன்று சுட்டிக்காட்டவே ஆள் வேண்டும். பேசியவர்களில் சிலரும் இப்போது இல்லை. ஒலிப்பதிவுகளும் பெரும்பாலும் இல்லை. கைப்பேசியில் இடம் போதாமல், தட்டச்சு முடிந்தவுடன் பலரும் அவற்றை அழித்துவிட்டிருந்தார்கள். ஆக, அந்தப் பக்கங்களே எஞ்சியவை.

இப்படிப்பட்ட குறிப்பேட்டின் இணைப்பு, திருத்தும் உரிமையோடு, குழு விட்டுக் குழு மாறி மூன்று செயலவைகளைக் கடந்து வந்திருந்தது. யாரும் தீய நோக்கத்தோடு அப்படிச் செய்யவில்லை. எல்லோரும் எழுத வேண்டும் என்பதற்காகத்தான் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்.

சுங்கைப் பட்டாணிப் பக்கத்திலிருந்து வந்த முதலாண்டு மாணவி ஒருவர்தாம் முதலில் கண்டுபிடித்தார். அவருடைய பாட்டியின் பேச்சும் அந்தக் குறிப்பேட்டில் இருந்தது. பாட்டி காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. படித்துவிட்டு என்னிடம் வந்து, "அண்ணா, இது எங்க பாட்டி பேசுன மாதிரியே இல்லையே" என்றார்.

பக்கத்தைத் திறந்து பார்த்தோம். "அதிகாலையில் வருகைப் பதிவுக்குச் சென்றுவிட்டு, காலை உணவு உண்ணாமலேயே வேலையிடத்திற்குச் சென்றுவிடுவோம். குழந்தையைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுச் செல்வோம்" என்று இருந்தது. பிழையே இல்லாத தமிழ். தேர்வுத்தாளில் எழுதியிருந்தால் முழுப் புள்ளிகளும் கிடைத்திருக்கும். ஆனால், எழுபது வயதைக் கடந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் தம் பேத்தியிடம் இப்படியா பேசியிருப்பார்?

ஒன்நோட்டில் 'பக்கப் பதிப்புகள்' என்று ஒரு வசதி உண்டு. ஒரு பக்கத்தின் பழைய நிலைகளைத் தேதியோடும் திருத்தியவர் பெயரோடும் காட்டும். கணினியில் நிறுவப்பட்ட ஒன்நோட்டில் 'வரலாறு' என்னும் பட்டியலில் இது இருக்கும். பலரும் அந்தப் பட்டியலைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. அங்கே போய்ப் பழைய நிலையைத் திறந்தபோது இப்படி இருந்தது: "விடியக்காலையில பெரட்டுக்குப் போயிட்டு, பசியாறாமயே நிரைக்குப் போயிருவோம். பிள்ளைய ஆயாக்கொட்டகையில போட்டுட்டுப் போறது."

பேத்தி அதைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை.

இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'பெரட்டு' என்றால் வெறும் வருகைப் பதிவா? இருட்டோடு இருட்டாகப் பெரட்டுக் களத்தில் கூடி நின்று, பெயர் கூப்பிடும்போது குரல் கொடுத்து, இன்று எந்த நிரை என்று தெரிந்துகொண்டு ஓடுவது அது. 'ஆயாக்கொட்டகை' என்று சொன்னால் வரிசையாகத் தொங்கும் துணித் தொட்டில்களும், அத்தனை பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆயாவும் கண்முன்னே வருகின்றனர். 'குழந்தைகள் காப்பகம்' என்று எழுதினால் இன்றைய கடைவீடுகளின் மேல்மாடியில் வண்ணம் பூசிய சுவர்களோடு இருக்கும் ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. 'பசியாறுதல்' என்னும் சொல்லை நாம் இன்றும் இந்நாட்டில் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். அதைத் திருத்துவதற்கு அதில் என்ன குறை இருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

திருத்தியவரின் பெயர் பதிப்புகளின் பக்கத்திலேயே இருந்தது. கழகத்தின் மீது மிகுந்த பற்றுடைய இளைஞர் அவர். பிறமொழிச் சொல் கலவாமல் பேசப் பாடுபடுபவர். அவரை அழைத்துக் கேட்டோம். "படிக்காதவங்கன்னு யாரும் அவங்கள நெனச்சிடக் கூடாதுன்னுதான் செஞ்சேன்" என்றார். அவர் நோக்கத்தை என்னால் குறைகூற முடியவில்லை. மரியாதை கருதிச் செய்த செயல் அது. ஆனால், அந்த மரியாதையில் பாட்டியின் குரல் போய்விட்டதே!

மொத்தம் பதினொரு பக்கங்களில் அவர் கை பட்டிருந்தது. அவற்றுள் ஒன்பது பக்கங்களை அவர் இருந்த இடத்திலேயே திருத்தியிருந்தார். நல்ல காலமாக அந்த ஒன்பதின் பழைய பதிப்புகளும் கிடைத்தன. மீதி இரண்டு பக்கங்களில் திருத்தங்கள் மிகுதி என்பதால், புதுப் பக்கம் திறந்து அழகாக எழுதிவிட்டுப் பழைய பக்கத்தை நீக்கிவிட்டிருந்தார். ஒன்நோட்டில் நீக்கிய பக்கம் குறிப்பேட்டின் குப்பைத் தொட்டியில் 60 நாள்கள் இருக்கும். அதற்குப் பிறகு தானாகவே அழிந்துவிடும். நாங்கள் கண்டுபிடித்தபோது நான்கு மாதங்கள் கடந்திருந்தன.

பழைய பதிப்பைத் திறக்கும்போது பக்கத்தின் தலையில் மஞ்சள் நிறப் பட்டை ஒன்று தோன்றும். இது படிப்பதற்கு மட்டுமே உரிய பழைய நிலை என்றும், காலப்போக்கில் அழிக்கப்படும் என்றும் அது எச்சரிக்கும். மூல வடிவம் தானாகவே பூட்டப்பட்டு, அதே நேரத்தில் மெல்லச் சாகவும் விடப்பட்டிருந்தது. மீட்ட ஒன்பதையும் அன்று இரவே தனியாகப் படியெடுத்தோம்.

பிறகு எப்படிக் காப்பது என்ற விவாதம் எழுந்தது. முதலில் வந்த யோசனை கடவுச்சொல். ஒன்நோட்டில் ஒரு பிரிவுக்குக் கடவுச்சொல் போடலாம். ஆனால், அது செய்வது வேறு வேலை. கடவுச்சொல் தெரியாதவர் படிக்கவே முடியாது. தெரிந்தவரோ படிக்கவும் செய்யலாம், திருத்தவும் செய்யலாம். மறந்துபோனால் மைக்ரோசாஃப்ட்டாலும் மீட்டுத் தர இயலாது. எங்களுக்கு வேண்டியது எல்லோரும் உள்ளே வந்து பார்க்கும் கண்ணாடிப் பெட்டி. கடவுச்சொல் தருவது இரும்புப் பெட்டி.

அப்படியென்றால் அந்த ஒரு பிரிவை மட்டும் 'படிக்க மட்டும்' என்று வைக்கலாமே என்றார் ஒருவர். சாதாரண ஒன்நோட் குறிப்பேட்டில் அது ஆகாது. உரிமை என்பது குறிப்பேடு முழுமைக்கும் உரியது. ஒரு பிரிவைத் திறந்து மறு பிரிவை மூடி வைக்க முடியாது. நோஷன் என்னும் மென்பொருளில் பக்கத்தைப் பூட்டலாம் என்பது உண்மைதான். ஆனால், திருத்தும் உரிமை உள்ள யாரும் அந்தப் பூட்டைத் திறந்துவிடலாம். கை தவறிப் பட்டுவிடாமல் காக்கும் தாழ்ப்பாள் அது. நம் இளைஞருக்குக் கை தவறவில்லை, தெரிந்தே செய்தார். தாழ்ப்பாள் அவரை நிறுத்தியிருக்காது.

கூட்டத்துக்கு வந்திருந்த முன்னாள் மாணவர் ஒருவர் ஒலிநாடாவின் காலத்தை நினைவூட்டினார். நாடாவின் மேல்விளிம்பில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் தடுப்பை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. மனம் மாறினால் அந்தக் குழியை ஒட்டுத்தாளால் மூடிவிட்டு மீண்டும் பதியலாம். எத்தனை நல்ல பாடல்கள் அந்த ஒட்டுத்தாளினால் அழிந்தனவோ! மூன்றரை அங்குல நெகிழ்வட்டிலும் ஒரு சிறு தள்ளுபொத்தான் இருந்தது. துளை திறந்திருந்தால் எழுத முடியாது. இப்போதைய இளையோருக்கு இவை அருங்காட்சியகப் பொருள்கள். ஆனால், அவற்றில் ஒரு நன்மை இருந்தது. பூட்டியிருக்கிறதா இல்லையா என்பதைக் கையில் எடுத்தவுடனே கண்ணால் பார்த்துவிடலாம்.

இறுதியில் குறிப்பேடு முழுவதையும் 'படிக்க மட்டும்' என்று மாற்றினோம். இதில் எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. புதிதாகப் படிக்கும் இணைப்பு ஒன்றை உருவாக்கித் தந்தால் மட்டும் போதாது. பழைய திருத்தும் இணைப்பு ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் உயிரோடு கிடக்கும். ஒன்டிரைவில் அணுகலை நிர்வகிக்கும் இடத்திற்குச் சென்று, அந்தப் பழைய இணைப்பைத் தேடி நீக்கினால்தான் கதவு உண்மையிலேயே மூடும். வாசலில் புதுப் பூட்டு மாட்டிவிட்டு, பழைய சாவியை ஊரெல்லாம் விட்டு வைப்பதில் பயன் என்ன?

பூட்டியாயிற்று. பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும்.

இரண்டு மாதங்களுக்குக் குறிப்பேட்டில் ஒரு வரி கூடக் கூடவில்லை. விடுமுறையில் யாராவது ஒரு தாத்தாவிடம் பேசி வந்தால், அதை எனக்கு அனுப்ப வேண்டும். நான் பார்த்துச் சேர்க்க வேண்டும். ஒருவர் அனுப்பினார். மற்றவர்கள் 'அப்புறம் அனுப்பலாம்' என்று இருந்துவிட்டார்கள். முன்பெல்லாம் பக்கத்தின் ஓரத்தில், 'எங்க தோட்டத்துலயும் இப்படித்தான்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். அதுவும் நின்றுபோனது. திறந்து கிடந்தபோது குறிப்பேடு சிதைந்தது, மூடியபோது வற்றியது. காவல்காரன் வேலை எனக்கும் பிடிக்கவில்லை. ஒருவருடைய தாத்தாவின் பேச்சைச் 'சேர்க்கலாம்' என்று அனுமதி கொடுக்க நான் யார்?

வழி நம் பாடத்திலேயே இருந்தது. இலக்கிய வகுப்பில் நாம் பழந்தமிழ் நூல்களை எப்படிப் படிக்கிறோம்? மூலம் தனி, உரை தனி. உரையாசிரியர் எவ்வளவு பெரிய புலவராக இருந்தாலும், தமக்கு ஒவ்வாத இடத்தில் தம் கருத்தை உரையில்தான் எழுதுவார். வேறு பாடம் வழங்கினால் அதையும் குறித்துவிட்டுச் செல்வார். இந்த எல்லையை மீறியவர்கள் இல்லாமலும் இல்லை. கம்பராமாயணத்தில் வெள்ளியம்பலத் தம்பிரான் என்பவர் தாமே பாடல்களை இயற்றிச் சேர்த்துவிட்டார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. 'வெள்ளி பாடல்கள்' என்று சுட்டும் அளவுக்கு அது பேசப்பட்டுவிட்டது. ஏடு எழுதுபவர் கையில் எழுத்தாணி இருந்தது. அதுவே அவருக்குத் திருத்தும் உரிமை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஏடு ஏடாகத் தேடி ஒப்பிட வேண்டியிருந்ததற்கும், படியெடுத்தவர் கைக்குக் கை சொற்கள் மாறிப்போனது ஒரு காரணம். அவருக்குப் பல ஏடுகள் கிடைத்தன. எங்கள் பாட்டிக்கு ஓர் ஏடுதான்.

ஆகவே, ஒரு குறிப்பேட்டை இரண்டாக்கினோம். முதலாவதன் பெயர் 'மூலம்'. செயலாளரும் துணைச் செயலாளரும் மட்டுமே அதில் எழுதலாம். மற்ற அனைவருக்கும் படிக்க மட்டும். பெரியவர்களிடம் பேசி வருபவர் தம் தட்டச்சை முதலில் இரண்டாவது குறிப்பேட்டில் இடுவார். அவரே 'முடிந்தது' என்று குறித்த பிறகு அப்படியே, ஓர் எழுத்தும் மாற்றாமல், மூலத்திற்குப் போகும். சரிபார்ப்பு எங்கள் வேலை அன்று; படியெடுப்பது மட்டுமே. இரண்டாவதன் பெயர் 'உரை'. அது யாவருக்கும் திறந்தது. விளக்கம் எழுதலாம், மறுக்கலாம், தூய தமிழ்ச் சொல்லைப் பரிந்துரைக்கலாம், சண்டையும் போடலாம்.

ஆசிரியர் தொழிலுக்குப் போன முன்னாள் மாணவர்களுக்கு இது புதிதாக இராது. ஒன்நோட்டின் வகுப்புக் குறிப்பேட்டில் இதே பாகுபாடு இருக்கிறது. ஆசிரியர் இடுவதை மாணவர் படிக்க மட்டும் செய்யும் ஒரு பகுதி, எல்லோரும் சேர்ந்து எழுதும் ஒரு பகுதி, ஒவ்வொரு மாணவருக்கும் உரிய தனிப்பகுதி என மூன்றாக அமைந்திருக்கும். நாங்கள் அதில் முதல் இரண்டை மட்டும் நம் மரபின் பெயரில் எடுத்துக்கொண்டோம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

உரைக் குறிப்பேடு ஒரே பருவத்தில் மூலத்தைவிடப் பெரிதாகிவிட்டது. பால் சேர்க்கும் 'மங்கு' பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கத்துக்கு விவாதம். தங்கள் வீட்டில் சோறு சாப்பிடும் கிண்ணத்தையும் மங்கு என்றே சொல்வோம் என்று ஜொகூர் மாணவர் ஒருவர் எழுதினார். மலாய் மொழியின் 'மங்குக்' என்ற சொல்லோடு இதற்கு உறவு இருக்குமோ என்று இன்னொருவர் கேட்டார். 'ஒட்டுப்பால்' என்பதற்கு நீண்ட விளக்கம் எழுதியவர் யார் தெரியுமா? முன்பு திருத்திய அதே இளைஞர்தாம். வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் பாலை உரித்தெடுத்துச் சேர்ப்பதைத் தம் மாமாவிடம் கேட்டு எழுதியிருந்தார். இறுதியில், 'உறைந்த ரப்பர் என்று நான் முன்பு போட்டது பொருந்தாது' என்று ஒரு வரி.

இருந்தாலும், 'கொச்சைத் தமிழைக் காப்பதுதான் தமிழ்க் கழகத்தின் வேலையா?' என்ற கேள்வி ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழத்தான் செய்தது. நியாயமான கேள்விதான். நம் கட்டுரைகளும் மேடைப் பேச்சும் செந்தமிழில் இருக்கட்டும். அதில் எனக்கு மாறுபாடு இல்லை. பிறர் நம்மை நம்பிச் சொன்ன சொல் நம்முடைய கட்டுரை ஆகாது என்பதே என் பதில். கூட்டத்தில் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது.

'படிக்க மட்டும்' என்பதால் எல்லாம் காக்கப்பட்டுவிட்டது என்றும் யாரும் எண்ண வேண்டாம். படிக்க முடிந்தவர் படியெடுக்கவும் முடியும். தம் சொந்தக் குறிப்பேட்டில் ஒட்டிக்கொண்டு அங்கே அவர் விரும்பியபடி மாற்றலாம். மூலம் மாறாது, அவ்வளவுதான். அதைவிடப் பெரிய ஆபத்து உரிமையாளர் யார் என்பதில் இருக்கின்றது. அந்தக் குறிப்பேடு பட்டம் பெற்று வெளியேறவிருந்த ஒருவரின் பல்கலைக்கழகக் கணக்கில் இருந்தது. கணக்கு மூடப்பட்டால் குறிப்பேடும் அதோடு போயிருக்கும்; எந்தப் பூட்டும் காப்பாற்றியிருக்காது. இப்போது இரண்டும் கழகத்தின் பொதுக் கணக்கில் உள்ளன. மேலும், ஒவ்வோராண்டும் பொறுப்பு மாறும் நாளில் மூலத்தைப் பிடிஎஃப் கோப்பாக மாற்றி, ஒரு படியை அச்சிட்டுக் கழக அறையின் அலமாரியில் வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். இவ்வாண்டுப் படி இருநூறு பக்கங்களைத் தொட்டுவிட்டது. கட்டுவதற்குப் பெரிய கோப்புறை வாங்க வேண்டியதாயிற்று.

எஞ்சியது அந்த இரண்டு பக்கங்கள். ஒன்று பேசியவரே நலமாக இருக்கிறார். அடுத்த விடுமுறையில் மீண்டும் போய்க் கேட்கலாம். மற்றொன்று சுங்கைப் பட்டாணிப் பாட்டியுடையது. தம் பிள்ளைகளுள் ஒருவரைப் பறிகொடுத்ததைப் பற்றி அவர் சொன்ன பக்கம் அது. திருத்திய வடிவத்தையே மூலத்தில் வைத்து, மேலே, 'இது பின்னர் மாற்றி எழுதப்பட்ட வடிவம்; பேசியவரின் சொற்கள் கிடைக்கவில்லை' என்று ஒரு குறிப்பு எழுதியிருக்கிறோம். பேத்தி தமக்கு நினைவில் இருந்தவரை, பாட்டி எப்படிச் சொல்லியிருப்பார் என்று அதே செய்தியை மறுபடி எழுதித் தந்தார். படித்தவர்கள் எல்லோரும் அதை மூலத்தில் சேர்க்கலாம் என்றார்கள். "வேணாம்ண்ணா, இது நான் எழுதுனது" என்று சொல்லி, அவரே அதை உரைக் குறிப்பேட்டில் இட்டுவிட்டார்.